விக்டோரியாவின் பழைய சட்டமன்ற உறுப்பினர்களைத் தேடித் தரும் ‘ரீ-மெம்பர்’: ஒரு மதிப்புரை

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநில நாடாளுமன்றம் தன் இணையதளத்தில் ‘ரீ-மெம்பர்’ என்னும் தரவுத்தளத்தை நடத்தி வருகிறது. 1851ஆம் ஆண்டு முதல் அந்த மன்றத்தில் அமர்ந்தவர்களின் வாழ்க்கைக் குறிப்புகள் பெயர்வாரியாக அதில் தொகுக்கப்பட்டுள்ளன. கட்டணம் எதுவும் இல்லை. கணக்குத் தொடங்க வேண்டியதும் இல்லை. ஒரு பெயரைத் தட்டினால் போதும், நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்பு ஏதோ ஒரு தங்க வயல் தொகுதியில் நின்று வென்றவர் எங்கே பிறந்தார், என்ன தொழில் செய்தார், யாரை மணந்தார், எந்தத் தேதியில் அவைக்குள் வந்தார், எந்தத் தேதியில் வெளியேறினார் என்பதெல்லாம் ஒரே பக்கத்தில் வந்துவிடும். தேர்தல் வரலாற்றில் அக்கறை உள்ள தமிழ் வாசகர்களுக்கு இதைப் பரிந்துரைக்க எனக்கு வலுவான காரணம் இருக்கிறது. நாம் சாவடியில் மறைவாக நின்று வாக்களிக்கும் முறை, அதாவது அரசே அச்சிட்டுக் கொடுக்கும் சீட்டில் யாரும் பார்க்காமல் நம் விருப்பத்தைக் குறிக்கும் முறை, உலகில் முதன்முதலாகச் சட்டமான இடங்களில் ஒன்று விக்டோரியா. அந்தச் சட்டத்தை இயற்றியவர்களும், அதன்படி முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களும் யார் என்று தெரிந்துகொள்ள இதைவிட எளிய வாயில் கிடையாது. ஆனால் வாயிலோடு நின்றுவிட்டால் பாதிக் கதைகூடக் கைக்கு எட்டாது. இந்த மதிப்புரையின் பெரும்பகுதி அதைப் பற்றியதுதான்.

முதலில் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது தெரியாமல் தரவுத்தளத்தில் உள்ள தேதிகளுக்குப் பொருள் விளங்காது. 1851 ஜூலை 1 அன்று விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸிலிருந்து பிரிந்து தனிக் குடியேற்ற நாடானது. அப்போது இருந்தது ஒரே அவை. அதன் 30 உறுப்பினர்களில் 20 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், மற்ற 10 பேர் நியமனம் பெற்றவர்கள். 1856 நவம்பரில் ஈரவை நாடாளுமன்றம் கூடியது. கீழவையான சட்டப் பேரவையில் 60 பேர். மேலவையில் 30 பேர். இரண்டு அவைகளுக்கும் எல்லோரும் தேர்தல் வழியாகவே வந்தார்கள். அதே பேரரசின் கீழ் இருந்த சென்னை மாகாணத்தில் 1892ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான், அதுவும் நகராட்சிகளும் மாவட்ட வாரியங்களும் பரிந்துரைக்கும் மறைமுக வடிவில், தேர்தலின் சாயலே எட்டிப் பார்த்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்தப் பெயர்களைப் படித்தால், ஒரே முடியாட்சி யாருக்கு எதைக் கொடுத்தது, யாருக்கு எதை மறுத்தது என்பது தெளிவாகப் புலப்படும்.

தரவுத்தளத்தைச் சோதிக்க விரும்புகிறவர்கள் பீட்டர் லேலரின் பக்கத்தில் தொடங்குவது நல்லது. 1827இல் அயர்லாந்தில் பிறந்தவர், 1852இல் தங்கம் தேடி வந்தவர், 1855 நவம்பரில் பல்லாரட் தொகுதியிலிருந்து பழைய அவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர், 1880 முதல் 1887 வரை பேரவைத் தலைவர், 1889இல் மறைவு. பக்கம் தரும் எலும்புக்கூடு இவ்வளவுதான், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் 1854 டிசம்பர் 3 அன்று பல்லாரட் தங்க வயலில், யுரேக்கா வளைப்பு எனப்படும் மர அரணில், சுரங்க உரிமக் கட்டணத்தை எதிர்த்து ஆயுதம் ஏந்திய தொழிலாளர்களுக்குத் தலைமை தாங்கிக் குண்டடி பட்டு இடது கையை இழந்தவரும் இவரே. இவரைப் பிடித்துக் கொடுப்பவருக்கு 200 பவுண்டு பரிசு என்று அரசு அறிவித்தது. பரிசு அறிவிக்கப்பட்ட ஓராண்டுக்குள் அவர் சட்டம் இயற்றும் அவையில் அமர்ந்தார் என்பதை, அடுத்தடுத்து நிற்கும் தேதிகளை நாமே கூட்டிப் பார்த்துத்தான் உணர வேண்டியிருக்கிறது. இடைப்பட்ட மாதங்களில் நடந்தவை பக்கத்தில் வராது. யுரேக்காவுக்காகத் தேசத் துரோக வழக்கில் நிறுத்தப்பட்ட 13 பேரையும் ஜூரிகள் விடுவித்தார்கள். வெறுக்கப்பட்ட உரிமத்துக்குப் பதிலாக ஆண்டுக்கு 1 பவுண்டு கட்டணத்தில் சுரங்க உரிமைச் சீட்டு வந்தது. அந்தச் சீட்டு வைத்திருப்பவருக்கு வாக்குரிமையும் வந்தது. லேலர் அவைக்குள் நுழைந்த கதவு அதுதான்.

அதே பக்கத்தில் இன்னும் நுட்பமான ஓர் இடம் உண்டு. 1856இல் பல்லாரட் வட்டாரத்து நார்த் கிரென்வில் தொகுதியின் உறுப்பினராக இருந்த லேலர், 1859இல் சவுத் கிராண்ட் தொகுதிக்கு மாறியிருக்கிறார். தரவுத்தளம் இரண்டு பெயர்களையும் தேதிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைப்பதோடு நின்றுவிடுகிறது. சுரங்கத் தொழிலாளர்களின் தலைவர் தம் சொந்த வட்டாரத்தை விட்டு ஏன் போனார்? சொத்து உள்ளவர்களுக்குக் கூடுதல் வாக்கு தரும் ஏற்பாட்டை அவர் அவையில் ஆதரித்தார். அதைக் கேட்ட பல்லாரட் வாக்காளர்கள் கொதித்துப் போனார்கள். தம்மைத் தேர்ந்தெடுத்தவர்களிடம் மீண்டும் முகம் காட்டி வெல்ல முடியாத நிலை அவருக்கு ஏற்பட்டது. பின்னாளில், 1873 டிசம்பரில், கிளூன்ஸ் ஊரில் வேலைநிறுத்தத்தை முறியடிக்கச் சீனத் தொழிலாளர்களைக் கொண்டுவர முயன்று கலவரத்தில் முடிந்த லோதேர் சுரங்க நிறுவனத்தின் இயக்குநர்களில் ஒருவராகவும் அவர் இருந்தார். ‘தொழில்’ என்ற தலைப்பின்கீழ் வரும் ஓரிரண்டு சொற்களில் இவ்வளவும் அடங்கியிருக்கின்றன. அவற்றை விரித்துப் பார்க்க வேறிடம் போக வேண்டும்.

அந்த வேறிடங்கள் இரண்டு, அவையும் இலவசமே. ஒன்று, ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகம் நடத்தும் ஆஸ்திரேலிய வாழ்க்கை வரலாற்று அகராதியின் இணையப் பதிப்பு. 13,000க்கும் மேற்பட்டோரின் வரலாறுகள், ஆய்வாளர்கள் பெயரிட்டு எழுதிய கட்டுரைகளாக அதில் உள்ளன. மற்றொன்று, ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ‘ட்ரோவ்’. பழைய செய்தித்தாள்களைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, சொல் தேடலுக்கு ஏற்ற எழுத்து வடிவமும் சேர்த்து வைத்திருக்கும் களஞ்சியம். மெல்பர்னின் ‘ஆர்கஸ்’, ‘ஏஜ்’ ஆகிய நாளிதழ்களும் ‘பல்லாரட் ஸ்டார்’ போன்ற ஊரகத் தாள்களும் அதில் கிடைக்கின்றன. ரீ-மெம்பரைத் தனியாக மதிப்பிடுவது நியாயமாகாது என்பது என் கருத்து. அது தேதிகளைத் தருகிறது. அகராதி காரணங்களைத் தருகிறது. அன்றைய நாளிதழ் குரலைத் தருகிறது. மூன்றையும் திரையில் ஒன்றாகத் திறந்து வைத்துக்கொண்டால்தான் ஓர் உறுப்பினர் முழு மனிதராக எழுந்து வருகிறார்.

இதற்குச் சிறந்த சான்று ஆல்ஃபிரட் டீக்கின். பின்னாளில் ஆஸ்திரேலியாவின் பிரதமரான இவர் பிறந்தது 1856இல், அதாவது விக்டோரியாவின் ஈரவை நாடாளுமன்றம் முதன்முதலாகக் கூடிய அதே ஆண்டில். ரீ-மெம்பரில் இவருடைய பதிவைப் பார்த்தால் வெஸ்ட் போர்க் தொகுதி இரண்டு முறை வரும்: 1879இல் சில மாதங்கள், பிறகு ஓர் இடைவெளி, மீண்டும் 1880 ஜூலையிலிருந்து. அவசரமாகப் பார்ப்பவர் தோல்வி என்றோ நோய் என்றோ எண்ணிக் கடந்துவிடக்கூடும். நடந்தது வேறு. 1879 பிப்ரவரி இடைத்தேர்தலில் 22 வயது டீக்கின் குறைந்த வித்தியாசத்தில் வென்றார். ஆனால் நியூஹம் என்ற ஊரின் வாக்குச் சாவடியில் வாக்குச் சீட்டுகள் தீர்ந்துபோனதால் சிலர் வாக்களிக்க முடியாமல் திரும்பியிருந்தார்கள். அந்த ஐயம் தம் வெற்றியின் மேல் படிந்திருப்பதை அவர் ஏற்கவில்லை. ஜூலையில் அவை கூடியபோது எழுந்து, தம் கன்னிப் பேச்சிலேயே பதவி விலகுவதாக அறிவித்தார். அடுத்து வந்த இடைத்தேர்தலில் தோற்றார். 1880 பிப்ரவரிப் பொதுத்தேர்தலிலும் தோற்றார். அதே ஆண்டு ஜூலையில் வென்றார். தரவுத்தளத்தில் இரண்டு வரிகளுக்கு நடுவே இருக்கும் வெற்றிடத்தில் ஓர் இளைஞனின் நேர்மை முழுவதும் அடங்கியிருக்கிறது. அந்த இடைவெளிக்கு அருகே ஒரே வரியில் காரணத்தைக் குறித்திருந்தால் இந்தச் சேவையின் மதிப்பு எவ்வளவோ உயர்ந்திருக்கும்.

அந்த நிகழ்வை ரகசிய வாக்கு முறையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. 1855 டிசம்பரில் வில்லியம் நிக்கல்சன் பழைய அவையில் ரகசிய வாக்குக்கான தீர்மானத்தைக் கொண்டுவந்தார். அரசு எதிர்த்தும் அது நிறைவேறியது. நடைமுறையை வகுத்துக் கொடுத்தவர் ஹென்றி சாமுவேல் சாப்மன் என்ற வழக்கறிஞர். 1856 மார்ச் 19 அன்று சட்டம் வந்தது; சில நாள்கள் கழித்து ஏப்ரல் 2 அன்று தெற்கு ஆஸ்திரேலியாவும் தன் சட்டத்தை நிறைவேற்றியது. அதுவரை வாக்காளர் கூட்டத்துக்கு முன்னால் தம் தேர்வை வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. நிலக்கிழாரும் முதலாளியும் கடன் கொடுத்தவரும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். புதிய முறையில் அரசு அச்சிட்ட சீட்டில் வேண்டாத பெயர்களை அடித்துவிட்டுப் பெட்டியில் போட்டால் முடிந்தது. சீட்டை அரசே தர வேண்டும் என்றானபோது, சீட்டு போதவில்லை என்றால் தேர்தலே கேள்விக்குள்ளாகும் என்ற புதிய சிக்கலும் கூடவே பிறந்தது. நியூஹம் சாவடியில் 1879இல் நடந்தது அதுதான். நிக்கல்சன், சாப்மன் ஆகிய இருவரின் பதிவுகளும் ரீ-மெம்பரில் உண்டு. இந்தத் தொடர்புகளைக் கண்டுபிடிக்கும் வேலை மட்டும் வாசகருடையது.

தொழில்வாரியாகப் பார்ப்பவர்களுக்கு இந்தத் தரவுத்தளம் பெரும் விருந்து. வணிகர், வழக்கறிஞர், மேய்ச்சல் நில உரிமையாளர், மருத்துவர், பத்திரிகையாளர் என்று வரிசையாக வரும் பெயர்களுக்கு நடுவே சார்ல்ஸ் ஜார்டின் டான் என்ற பெயரின்முன் நான் நெடுநேரம் நின்றேன். ஸ்காட்லாந்தில் கைத்தறி நெசவாளராக வளர்ந்து, அனைவருக்கும் வாக்குரிமை கேட்ட சார்ட்டிஸ்ட் இயக்கத்தில் ஊறி, மெல்பர்னுக்கு வந்து கல் கொத்தும் வேலை பார்த்தவர் அவர். 1859இல் காலிங்வுட் தொகுதி அவரைத் தேர்ந்தெடுத்தது. அப்போது உறுப்பினர்களுக்குச் சம்பளம் கிடையாது. பகலில் உளியும் சுத்தியலும், இரவில் அவையும் என்று அவர் காலம் தள்ளினார். 1864 வரை அவையில் இருந்தார்; 1866இல் இறந்தார். மெல்பர்னின் கல் தச்சர்கள் 1856 ஏப்ரல் 21 அன்று பல்கலைக்கழகக் கட்டுமானத்தில் கருவிகளைக் கீழே போட்டுவிட்டு எட்டு மணி நேர வேலை நாள் கேட்டு நாடாளுமன்றக் கட்டடத்தை நோக்கி ஊர்வலமாகப் போனார்கள் என்பதை அறிந்தவர்களுக்கு, மூன்று ஆண்டுகளில் அதே தொழிலைச் சேர்ந்த ஒருவர் அந்தக் கட்டடத்துக்குள் உறுப்பினராக நுழைந்தது எப்படிப்பட்ட மாற்றம் என்பது புரியும்.

அவருக்கு முன்பு அது சட்டப்படியே கடினமாக இருந்தது. 1855ஆம் ஆண்டு அரசமைப்பின்படி பேரவைக்குப் போட்டியிட 2,000 பவுண்டு மதிப்புள்ள நிலம் சொந்தமாக இருக்க வேண்டும். மேலவைக்கோ 5,000 பவுண்டு. அயர்லாந்திலிருந்து 1856இல் வந்து இறங்கிய சார்ல்ஸ் கேவன் டஃபிக்கு அந்தத் தகுதி இல்லாததால், அவருடைய அன்பர்கள் 5,000 பவுண்டு திரட்டிச் சொத்து வாங்கிக் கொடுத்தார்கள். அந்தச் சொத்தின் பலத்தில் அவைக்குள் போனவர் செய்த முதல் வேலைகளில் ஒன்று, உறுப்பினர்களுக்கான சொத்துத் தகுதியையே நீக்கும் மசோதாவை முன்வைத்தது. 1857இல் அது ஒழிந்தது. அதே ஆண்டில் ஆண்கள் அனைவருக்கும் பேரவைக்கான வாக்குரிமையும் வந்தது. டான் உள்ளே வர வழி திறந்தது அப்படித்தான். டஃபி 1871இல் முதலமைச்சரும் ஆனார். டஃபியின் பக்கத்திலிருந்து டானின் பக்கத்துக்குப் போவதற்கு ஒரு சுட்டிகூட இல்லை என்பது இந்தச் சேவையின் பெரிய குறைகளில் ஒன்று. ஒவ்வொருவரும் தனித்தனித் தீவாக இருக்கிறார்கள்; யாரால் யாருக்கு வழி பிறந்தது என்பது எங்கும் பதிவாகவில்லை.

சம்பளப் பிரச்சினையையும் இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் 1870களின் பதிவுகளில் தொழிலாளர், சிறுகடைக்காரர் போன்றோரின் பெயர்கள் தென்படத் தொடங்குவதற்கு அதுவே அடிப்படை. 1870இல் பேரவை உறுப்பினர்களுக்கு ஆண்டுக்கு 300 பவுண்டு தரும் சட்டம் தற்காலிக ஏற்பாடாக வந்தது. அதை நீட்டிக்கும் முயற்சி ஒவ்வொரு முறையும் செல்வந்தர்கள் நிறைந்த மேலவையோடு மோதலாக மாறியது. மேலவையைக் கலைக்கவும் முடியாது. அதன் உறுப்பினர்களின் பதவிக்காலம் பத்து ஆண்டுகள். 1877இல் கிரஹம் பெரி தலைமையிலான அரசு, உறுப்பினர் சம்பளத்தையும் நிதி ஒதுக்கீட்டு மசோதாவுக்குள்ளேயே வைத்து அனுப்பியது. மேலவை மசோதாவை மறித்தது. கருவூலத்தில் செலவுக்கு அனுமதி இல்லாத நிலையில், 1878 ஜனவரியில் பெரி அரசு மூத்த அதிகாரிகளையும் மாவட்ட நீதிபதிகளையும் குற்றவியல் நடுவர்களையும் கூட்டமாகப் பணிநீக்கம் செய்தது. ‘கறுப்புப் புதன்’ என்று விக்டோரியா இன்றும் நினைவுகூரும் நிகழ்வு அது. கடைசியில் சம்பளம் தனி மசோதாவாக நிறைவேறியது. ட்ரோவில் அந்த வாரத்து ‘ஆர்கஸ்’, ‘ஏஜ்’ ஆகிய இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துப் படித்துப் பாருங்கள். முன்னது பழமைவாதிகளின் பக்கம், பின்னது பெரியின் பக்கம். ஒரே நிகழ்வு இரண்டு வேறு நாடுகளில் நடந்ததுபோல இருக்கும். இந்த ஓர் அனுபவத்துக்காகவே ட்ரோவுக்கு முழு மதிப்பெண் தரலாம்.

ட்ரோவைப் பயன்படுத்துவதில் சிரமங்களும் உண்டு. 19ஆம் நூற்றாண்டு அச்செழுத்துகள் மங்கியும் நசுங்கியும் இருப்பதால் கணினி அவற்றைத் தவறாகப் படித்திருக்கும் இடங்கள் ஏராளம். பெயரை மட்டும் கொடுத்துத் தேடினால் வேண்டியது வராது. தொகுதிப் பெயரையும் சேர்த்து, நாளிதழையும் ஆண்டையும் குறுக்கிக்கொண்டு தேடுவதே பலன் தரும் வழி. அந்தத் தேதிகளைத் துல்லியமாகத் தருவதில்தான் ரீ-மெம்பர் உதவுகிறது. ட்ரோவின் சிறப்பு, பிழையான வரிகளை வாசகர்களே திருத்தலாம் என்பது. இடப்பக்கத்தில் எழுத்து வடிவம், வலப்பக்கத்தில் மூலப் படம். தவறான வரியைச் சொடுக்கித் திருத்தி எழுதினால் அடுத்து வருபவருக்கு அது உதவும். அவை நடவடிக்கைகள் பொடி எழுத்தில் பத்தி பத்தியாக நீளும். அவற்றில் யாரோ பொறுமையாகத் திருத்திச் சென்ற வரிகளைப் பார்க்கும்போது மனம் நெகிழ்கிறது. இந்தச் சேவை பணமின்றித் தடுமாறிய நிலையில், 2023இல் ஆஸ்திரேலிய அரசு நான்கு ஆண்டுகளுக்கு 3.3 கோடி டாலர் ஒதுக்கி அதைக் காப்பாற்றியது பெரிய ஆறுதல்.

மீண்டும் ரீ-மெம்பருக்கு வருகிறேன். அதன் பதிவுகள் சுருக்கக் குறியீடுகளால் நிறைந்தவை. பிள்ளைகளின் எண்ணிக்கை முதல் குழுப் பொறுப்புகள் வரை எல்லாம் ஓரிரு எழுத்துகளாகச் சுருங்கியிருக்கும். பழகும்வரை தடுமாற்றம் இருக்கும். தேர்தலில் யார் எத்தனை வாக்கு பெற்றார்கள், எதிர்த்து நின்றவர் யார் என்ற விவரம் இல்லை. தொகுதி எல்லைகளைக் காட்டும் வரைபடமும் இல்லை. வெஸ்ட் போர்க் எங்கே இருந்தது, சவுத் கிராண்ட் எவ்வளவு பரந்தது என்று தெரியாமல் வெறும் பெயர்களைப் படிப்பது வெளியூர் வாசகருக்கு உண்மையிலேயே கடினம். பேரவையின் இடங்கள் 1859இல் 78 ஆகவும், 1877இல் 86 ஆகவும், 1889இல் 95 ஆகவும் கூடியபோது தொகுதிகள் பிரிந்தும் பெயர் மாறியும் போயின. அந்த மாற்றங்களையாவது ஓர் அட்டவணையாகச் சேர்த்திருக்கலாம்.

ஆயினும் மறைத்திருக்கக்கூடியதை அது மறைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். லஞ்சக் குற்றச்சாட்டில் 1869இல் பேரவையிலிருந்து வெளியேற்றப்பட்ட சார்ல்ஸ் எட்வின் ஜோன்ஸின் பதிவும் மற்றவர்களுடைய பதிவைப் போலவே அங்கே இருக்கிறது. வெளியேற்றப்பட்டவரைப் பல்லாரட் வெஸ்ட் வாக்காளர்கள் மீண்டும் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள் என்பது தேர்தல் அரசியலைப் பற்றி யோசிப்பவர்கள் தவறாமல் படிக்க வேண்டிய செய்தி. நாடாளுமன்றம் தன் சொந்தத் தளத்தில் தன் களங்கங்களையும் வைத்திருப்பதை நான் மதிக்கிறேன்.

எனக்குள்ள ஆழமான குறை வேறொன்று. இந்தத் தரவுத்தளம் அவையில் அமர்ந்தவர்களைப் பதிவு செய்கிறது. அவர்கள் கை தூக்கி நிறைவேற்றியது யாரை எப்படித் தாக்கியது என்பதைப் பதிவு செய்வதில்லை. 1855இல் விக்டோரியாவுக்குக் கப்பலில் வந்த ஒவ்வொரு சீனர் மீதும் 10 பவுண்டு வரி விதித்தது, லேலர் நுழைவதற்குச் சில மாதங்களுக்கு முன்பு இருந்த பழைய அவை. 1869இல் பூர்வகுடிகள் எங்கே வசிக்க வேண்டும், எங்கே வேலை செய்ய வேண்டும், அவர்களுடைய பிள்ளைகள் யார் பொறுப்பில் வளர வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரத்தை ஒரு வாரியத்தின் கையில் கொடுத்த சட்டம், ஆண்கள் அனைவரும் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த பேரவையில் நிறைவேறியது. 1886ஆம் ஆண்டுச் சட்டம் கலப்பு வம்சாவளியினரில் 34 வயதுக்கு உட்பட்டவர்களைப் பூர்வகுடிகளுக்கென ஒதுக்கிய குடியிருப்புகளிலிருந்து வெளியேற்றிக் குடும்பங்களைச் சிதைத்தது. அத்தகைய குடியிருப்புகளில் ஒன்றான கொரண்டெர்க்கில், பூர்வகுடித் தலைவர் வில்லியம் பராக் முதலானோர் மனு எழுதியும், மெல்பர்னுக்கு நடந்தே வந்து முறையிட்டும் போராடினார்கள். 1881இல் அங்கே நடந்த விசாரணைக்குத் தலைமை தாங்கியவர் எவலின் தொகுதி உறுப்பினர் யூவன் ஹியூ கேமரன். 1874 முதல் 1914 வரை அவையில் நீடித்தவர். அவருடைய நீண்ட பதவிக்காலத்தின் தேதிகளைப் படித்துவிட்டு, அவர் முன் சாட்சி சொன்ன கொரண்டெர்க் மக்களின் பெயர்களையும் தேடிப் படிக்காவிட்டால் வாசிப்பு ஒருபக்கமாகவே நின்றுவிடும். அவர்களுக்கென்று ரீ-மெம்பரில் பக்கம் கிடையாது.

பெண்களின் நிலையும் அப்படித்தான். 1863ஆம் ஆண்டுத் தேர்தல் சட்டம் நகராட்சி வரி செலுத்துவோர் பட்டியலையே வாக்காளர் பட்டியலாக எடுத்துக்கொண்டபோது, அந்தப் பட்டியலில் இருந்த பெண்களும் 1864 பொதுத்தேர்தலில் வாக்களித்துவிட்டார்கள். சட்டம் எழுதியவர்கள் அதை எதிர்பார்த்திருக்கவில்லை. 1865இல் அந்த உரிமை திருத்தச் சட்டத்தால் பறிக்கப்பட்டது. 1891இல் சுமார் 30,000 பெண்கள் கையெழுத்திட்ட, விரித்தால் 260 மீட்டர் நீளும் மனு நாடாளுமன்றத்துக்கு வந்தது. அதன்பிறகும் 1908 வரை அவர்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. இதில் மனம் நிறைவதற்கு ஓர் இடம் உண்டு: அந்த மனுவில் கையெழுத்திட்டவர்களின் பெயர்களையும் முகவரிகளையும் தேடிப் பார்க்கும் வசதியை இதே நாடாளுமன்றத் தளம் தனியாகச் செய்து வைத்திருக்கிறது. மெல்பர்னின் ஒரு தெருப் பெயரைக் கொடுத்தால் அந்தத் தெருவில் வீடுவீடாகக் கையெழுத்திட்ட பெண்கள் வரிசையாக வருகிறார்கள்.

யாருக்கு இந்தச் சேவை பயன்படும் என்று கேட்டால், தேர்தல் முறைகளைப் பற்றி எழுதுகிறவர்களுக்கும், அரசியல் அறிவியல் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும், ஆஸ்திரேலியாவில் வாழ்ந்து தம் தொகுதியின் பழங்கதையை அறிய விரும்பும் தமிழர்களுக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். பள்ளி மாணவர்களுக்கு நேரடியாகக் கொடுத்தால் தேதிகளின் குவியலில் சலித்துப்போவார்கள். ஓர் ஆசிரியர் மூன்று நான்கு பெயர்களைத் தேர்ந்து கொடுத்து, அகராதிக் கட்டுரையையும் அன்றைய நாளிதழையும் துணைக்கு வைத்தால் நன்றாகப் பிடித்துக்கொள்வார்கள். தொடங்குவதற்கு லேலர், டான், டீக்கின் ஆகிய மூவரும் போதும். தேடும்போது பெயர்களை ஆங்கில எழுத்துக்கூட்டலில், குடும்பப் பெயரை முதலில் வைத்துக் கொடுக்க வேண்டும். ட்ரோவில் ஒரு செய்தியைக் கண்டால் அதன் நிரந்தர முகவரியை உடனே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அதே தேடலை மறுநாள் செய்யும்போது அந்தப் பத்தி முன்பு வந்த இடத்திலேயே வரும் என்று நம்பியிருக்க முடியாது.